வியட்நாம் ஷூவும் ஸ்ரீரங்கத்து வாசற்படியும்

திருச்சியிலிருந்து வியட்நாமுக்கு நேராக விமானம் விட்டாலும் விட்டார்கள், எங்கள் அடுக்ககத்து ஆண்களுக்கெல்லாம் கோட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது. தில்லை நகரில், சித்திரை வெயிலில், கோட்டு! அங்கே ஹோய் ஆன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. தெருவுக்குத் தெரு தையல் கடையும் தோல் கடையும்தான். இன்றைக்கு அளவு கொடுத்தால் நாளைக்குக் கோட்டு, நாளன்றைக்கு ஷூ. மூன்றாவது மாடிக்காரர் போய் ஒன்று தைத்துக்கொண்டு வந்தார். அதைப் பார்த்து எதிர் வீட்டுக்காரர் இரண்டாகத் தைத்துக்கொண்டு வந்தார். போட்டுக்கொண்டு போக ஊரில் இடம்தான் இல்லை. எல்லாம் பாச்சை உருண்டையோடு பீரோவில் தொங்குகின்றன.

என் கணவருக்குப் பொறுக்குமா? அவர் துறையூர்ப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் அவர் பார்த்த ஒரே கோட்டு, கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாசிப்பவர் போட்டிருந்ததுதான். "நம்ம பொண்ணு ரிசப்ஷனுக்கு நானும் ஒண்ணு தைச்சுக்கிறேனே" என்று மெல்ல ஆரம்பித்தார். மகளுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, அங்கேயே உடன் வேலை பார்க்கும் பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் முறைத்து, அழுது, ஒருவழியாகச் சம்மதம் ஆகியிருந்த நேரம். "கல்யாண வேலை ஆரம்பிச்சா உங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது, இப்பவே போயிட்டு வாங்க" என்று அவளே டிக்கெட் போட்டுவிட்டாள். அப்பாவுக்குக் கோட்டு. எனக்கு? "அம்மா நல்லா ஊர் சுத்திப் பார்க்கட்டும்." சுற்றிப் பார்க்கட்டுமாம்! யாரிடம் சொல்கிறாள் பாருங்கள்.

என் காலைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தையாக இருந்தபோது இளம்பிள்ளை வாதம் வந்து, இடது கால் சூம்பிக் குட்டையாகிவிட்டது. நடந்தால் இடது பக்கம் இறங்கி ஏறுவேன். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒருவர் என் இடது செருப்புக்கு மட்டும் அடியில் ரப்பரை அடுக்கடுக்காக ஒட்டித் தருவார். பார்க்க இட்லித் தட்டை அடுக்கினது போல இருக்கும். அதை மறைக்கப் புடவையைத் தரை கூட்டுகிற மாதிரி கட்டுவேன். இன்சூரன்ஸ் ஆபீசில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். என்னிடம் பாலிசி போட்ட பாதிப் பேருக்கு நான் எழுந்து நடப்பேன் என்பதே தெரியாது. அது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

மகள் கல்யாணம் என்று வந்ததும் அந்தச் சௌகரியம் போய்விட்டது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட கேள்விகள் எனக்கு மறக்கவில்லை. சொஜ்ஜி பஜ்ஜியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "பொறக்கிற புள்ளைக்கும் கால் இப்படி இருந்தா யாருங்க பொறுப்பு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர்கள் இருக்கிறார்கள். என் கணவர் ஒருவர்தான் எதுவும் கேட்கவில்லை. கூச்சமா, பெருந்தன்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் மகளைப் பார்த்து ஒருத்தரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மாப்பிள்ளை வீடு ஸ்ரீரங்கம். தலைமுறை தலைமுறையாகக் கோயிலோடு ஒட்டிய குடும்பம். தில்லை நகருக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு காவிரிதான், ஆனால் அந்தப் பாலத்தைத் தாண்டினால் பேச்சே வேறு. முதல் சந்திப்பை எங்கள் பக்கத்து ஹோட்டலில் வைத்துக்கொண்டோம். வைத்தது நான்தான். அவர்கள் வருவதற்கு வெகு முன்பே போய், சுவர் ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் சம்பந்தியம்மா எழுந்து, "கை அலம்பிண்டு வரலாமா?" என்று கூப்பிட்டார். நான், "இல்லீங்க, டிஷ்யூலயே தொடச்சுக்கிறேன்" என்று சொல்லி, சாம்பார் சாதம் பிசைந்த கையைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டு சிரித்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மறுநாள் மகள் போனில் கத்தினாள். "உங்க வீட்டுல சாப்பிட்டா கை கழுவ மாட்டாங்களான்னு அவங்க அம்மா கேட்டாங்களாம்!" காலை மறைக்கப் போய்க் கையை நாறடித்துக்கொண்டேன்.

அடுத்தது நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வீட்டிலேயே. எங்கள் பக்கத்து வழக்கப்படி தெருமுனையில் வண்டியை விட்டு இறங்கி, பெண்கள் தாம்பாளத் தட்டுகளோடு வரிசையாக நடந்து போக வேண்டும். வெற்றிலை பாக்கு, தேங்காய் வைத்த முதல் தட்டு பெண்ணைப் பெற்றவள் கையில் இருக்க வேண்டும். நான் இந்த வயது வரை எந்த விசேஷத்திலும் தட்டு எடுத்ததில்லை. எடுக்கப் போனால், "நீங்க விடுங்கக்கா, நான் புடிச்சுக்கிறேன்" என்று யாராவது வாங்கிவிடுவார்கள். நான் நடந்தால் தேங்காய் உருளும், அதனால். அன்பாகத்தான் சொல்வார்கள். அன்பாகச் சொல்வதால் திட்டவும் வழியில்லை. இந்தத் தடவையும் என் நாத்தனார் முந்திக்கொண்டார். "முதல் தட்டை நான் எடுத்துக்கிறேன் அண்ணி, நீங்க மெதுவா பின்னாடி வாங்க." என் மகளின் நிச்சயத்துக்கு நான் மெதுவாகப் பின்னாடி வர வேண்டுமாம். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, உள்ளே பொருமிக்கொண்டேதான் விமானம் ஏறினேன்.

ஹோய் ஆனில் என் கணவருக்கு அளவு எடுத்தது சின்னப் பெண், நம் கல்லூரிப் பெண்கள் மாதிரி இருந்தாள். இவர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு முதல் காரியமாகச் சொன்னது, "கொஞ்சம் லூஸா வைங்க. உள்ள துணி விட்டுத் தைங்க." நம் ஊரில் பள்ளிக்கூட யூனிபார்மிலிருந்து கல்யாணச் சட்டை வரை எந்த டெய்லரிடமும் சொல்கிற மந்திரம் அது. உடம்பு பெருத்தால் பிரித்துவிட்டுக்கொள்ள வேண்டாமா? அதை அந்தப் பெண்ணுக்குச் சைகையில் புரியவைக்க, தன் சட்டையை வயிற்றிலிருந்து இழுத்து இழுத்துக் காட்டினார். இவர் இழுத்த இடத்தில் எல்லாம் அவள் துணியைச் சேர்த்துப் பிடித்து ஊசி குத்தினாள். இவர் மறுபடி இழுத்தார். அவள் மறுபடி குத்தினாள். கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். கண்ணாடியில் பார்த்தால் இவர் உறையில் போட்ட தலையணை மாதிரி கிண்ணென்று நின்றார். "ஹேண்ட்சம்" என்றாள் அவள். அவ்வளவுதான், ஆசாமிக்குத் தலைகால் புரியவில்லை.

நான் பக்கத்துத் தோல் கடையில் போய் நின்றேன். வாங்குவதற்கு இல்லை, வேடிக்கை பார்க்க. நாங்கள் கிளம்பும்போதே மகள் எச்சரித்திருந்தாள். "அம்மா, அவங்க ரொம்ப ஆசாரம். அழகா இருக்குன்னு தோல் ஹேண்ட்பேக் வாங்கிட்டு வந்து அவங்க அம்மாகிட்ட நீட்டிடாதீங்க." நானா நீட்டுவேன்? தோல் விஷயத்தில் நான் கண்கொத்திப் பாம்பாக இருந்தேன். சம்பந்தியம்மாவுக்குப் பட்டுத் துணியில் செய்த விளக்குக் கூண்டு ஒன்றை அப்போதே வாங்கி வைத்துவிட்டேன். எவ்வளவு சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கடைக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். நான் உள்ளே நுழைந்த நடையைப் பார்த்தாள். பார்த்தவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை. நம் ஊரில் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். ஒரு தடவை பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி சுவரைப் பார்ப்பார்கள். இவள் நேராக என் காலைக் காட்டி, முக்காலியைக் காட்டி, உட்கார் என்றாள். என்ன ஏது என்று கேட்பதற்குள் என் இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குப் பதறிவிட்டது. ஒரு வேற்றுப் பெண்மணியின் மடியில் என் காலா! பழக்கதோஷத்தில் சட்டென்று அவள் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் விழித்தாள். பிறகு இது ஏதோ எங்கள் ஊர் வணக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, அவளும் என் தோளைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாசலில் நின்று பார்த்த என் கணவர், "ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?" என்றார்.

அவள் இரண்டு காலையும் காகிதத்தில் வரைந்துகொண்டாள். என்னை எழுந்து நிற்கவைத்து, இடது காலுக்கு அடியில் மெல்லிய பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகினாள். ஒவ்வொன்றுக்கும் தள்ளிப்போய் என் தோளைப் பார்த்தாள். பிறகு என்னைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள்.

கண்ணாடியில் ஒரு பெண்மணி நேராக நின்றுகொண்டிருந்தாள். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில். புடவை மடிப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளாமல் செங்குத்தாக இறங்கியது. என் வயதில் கண்ணாடி பார்த்தால் நரையும் தொப்பையும்தான் கண்ணில் படும். அன்றைக்கு எனக்கு அது எதுவும் தெரியவில்லை. அழுதுவிட்டேன். அதை ஏன் மறைக்க வேண்டும்? நன்றாக மூக்கை உறிஞ்சி அழுதேன். கண்ணீரைப் பார்த்து இரக்கப்பட்டு விலையைக் குறைப்பாள் என்று என் கணவர் எதிர்பார்த்தார். அவள் விவரமானவள், கூடவே ஒரு பெல்ட்டையும் எடுத்து வைத்தாள்.

எனக்கு மற்றவர்கள் போடுவது மாதிரி காலை நுழைத்ததும் மாட்டிக்கொள்ளும் செருப்புதான் ஆசை. போன் மொழிபெயர்ப்பில் கேட்டேன். முடியாது என்று கையை ஆட்டினாள். உயரத்தை ஷூவுக்குள்ளேயே மறைத்து வைத்திருப்பதால், குதிகால் நழுவாமல் கணுக்காலைச் சுற்றி வார் போட்டுப் பக்கிளால் இறுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் விழுந்துவிடுவேன் என்பதை அவளே விழுவது போல நடித்துக் காட்டினாள். சரி, பக்கிள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அரக்கு நிறத் தோல். செய்து முடித்து வைத்தபோது இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தன, எது உயரம் என்று எனக்கே தெரியவில்லை. மாட்டிக்கொண்டு கடைக்குள் நடந்தேன். என் கணவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தட்டை நீயே எடு" என்றார். நான் தட்டைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த மனுஷனை இத்தனை வருஷம் மண்ணு என்று நினைத்திருந்தேன்.

ஊருக்கு வந்து அடுக்ககத்து வராந்தாவில் பழகினேன். நேராக நடப்பது லேசுப்பட்ட காரியமில்லை. உடம்பு தன் பழைய பாட்டுக்கு இடது பக்கம் சாயும், ஷூ விடாது, நடுவில் நான் கள் குடித்தவள் மாதிரி தள்ளாடினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. மெல்ல மெல்லப் பிடிபட்டதும் தட்டில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தேன். உருளவில்லை. எதிர் வீட்டம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "முட்டி வலி சரியாயிடுச்சாக்கா?" என்றார். அவ்வளவுதான். ஊரே பார்த்த காலை இப்போது ஒருத்தரும் பார்க்கவில்லை. அதற்குத்தானே ஆசைப்பட்டேன்? ஆனாலும் எரிச்சலாக இருந்தது. கடல் தாண்டிப் போய் அழுதுவிட்டு வந்திருக்கிறேன், ஒரு வார்த்தை விசாரிக்கக் கூடாதா? நாத்தனாருக்குப் போன் செய்து, முதல் தட்டு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். "பார்த்து அண்ணி" என்றார்.

நிச்சயத்தன்று காலையில் என் கணவர் கோட்டோடு வந்து நின்றார். ரிசப்ஷனுக்கென்று தைத்ததை அதுவரை பூட்டி வைக்க அவருக்கு மனசு வரவில்லை. வியட்நாமில் தின்ற நூடுல்ஸும் வந்த பிறகு தின்ற விருந்துச் சாப்பாடும் சேர்ந்து, பட்டன் போட்டால் மூச்சு முட்டியது. இங்கே ஒரு டெய்லரிடம் பிரித்துவிடச் சொன்னாராம். அவர் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள துணியே விடலீங்களே சார்" என்று கையை விரித்துவிட்டார். "அப்பா, அங்க எல்லாரும் வேட்டிலதான் இருப்பாங்க" என்று மகள் கெஞ்சினாள். கேட்டால்தானே? காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதே வேர்த்து ஊற்றியது. கோட்டு மட்டும் மடிப்புக் கலையாமல் விறைப்பாக இருந்தது.

தெருமுனையில் இறங்கினோம். நான் தட்டை வாங்கிக்கொண்டேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ, பழம், நடுவில் தேங்காய். மகள் பட்டுப்புடவையில் என் பக்கத்தில் நடந்தாள். பின்னால் நாத்தனாரும் மற்ற பெண்களும். கோலம் போட்ட வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். யார் கண்ணும் என் காலுக்கு இறங்கவில்லை. தட்டைப் பார்த்தார்கள், பெண்ணைப் பார்த்தார்கள், கோட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். தேங்காய் அசையவில்லை. எனக்கு அந்தத் தெரு இன்னும் நீளமாக இருக்கக் கூடாதா என்றிருந்தது. அப்படி ஒரு சந்தோஷம்! வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் கல்யாணத்தன்று கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

வாசலில் சம்பந்தியம்மா மடிசாரில், கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். "வாங்கோ, வாங்கோ! பெருமாள் கிருபையில நல்லபடியா வந்து சேர்ந்தேளே" என்று முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றார். எனக்குப் பின்னால் சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. செருப்பு விடும் சத்தம்.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

நம் ஊர்க்காரர்களுக்குச் செருப்பைக் கழற்றுவது ஒரு வேலையே இல்லை. வாய் பேசிக்கொண்டிருக்கும், கை சாமானைப் பிடித்திருக்கும், கால் தன் பாட்டுக்கு உதறிவிட்டு உள்ளே போய்விடும். மூளைக்குச் சேதியே போகாது. அதனால்தான் இந்த வாசலில் நான் ஷூவைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பயிற்சி என்று தினமும் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்த ஷூவைக் கழற்றியவள்தானே நான்? தோல் பை வாங்கக் கூடாது என்று அத்தனை ஜாக்கிரதையாக இருந்தவள்தானே? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, அடுத்தவர் வீட்டுக்குள் நடந்து காட்டுவதற்கென்று வெளிநாட்டில் அளவு கொடுத்து ஷூ செய்துகொண்டு வந்திருக்கிறேன். என் அறிவை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கையில் தட்டு. காலில் பக்கிள். பின்னால் தட்டுகளோடு வரிசை நின்று, வெயிலில் முணுமுணுக்க ஆரம்பித்தது. சம்பந்தியம்மா என் காலைப் பார்த்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்த அவர்கள் வீட்டு மனிதர்களும் எட்டிப் பார்த்தார்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது, உடனே குனியத்தான் பார்த்தார். கோட்டு விடவில்லை. பாதி குனிந்த நிலையில் எங்கோ தையல் பிரியும் சத்தம் கேட்டு, விருட்டென்று நிமிர்ந்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"தட்டைக் குடுங்க அண்ணி" என்று நாத்தனார் காதோரம் சொன்னார். "நீங்க கழட்டிட்டு மெதுவா வாங்க."

"வேணாம்" என்றேன். அது வீம்பு. அந்தத் தட்டையும் கொடுத்துவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை?

மகள் புடவையைச் செருகிக்கொண்டு படியில் மண்டியிட்டாள். "ஏம்மா, கல்யாணப் பொண்ணு நீ..." என்று சம்பந்தியம்மா தடுக்கப் போனார். அதற்குள் மகள் இரண்டு பக்கிளையும் அவிழ்த்து ஷூவைக் கழற்றிவிட்டாள். இடது காலைத் தரையில் வைத்ததும் நான் என் பழைய உயரத்துக்கு இறங்கினேன். தட்டு சாய்ந்தது. தேங்காய் விளிம்புக்கு ஓடியது. மகள் எழுந்து தட்டின் இடது விளிம்பைத் தன் கையில் தாங்கிக்கொண்டாள். "வாம்மா" என்றாள்.

படியேறி நடந்தோம். தேங்காய் உருளவில்லை. நாலு எட்டு வைத்த பிறகுதான் எனக்கு ஏன் என்று புரிந்தது. நான் இறங்கும்போது அவளும் இறங்கினாள். நான் ஏறும்போது அவளும் ஏறினாள். தோளும் இடுப்பும் என்னோடு சேர்ந்து சாய்ந்து நிமிர்ந்தன, அதனால் தட்டு மட்டமாகவே போனது. அவள் அதைக் கவனித்துச் செய்யவில்லை. அவள் கண் கூடத்தில் மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தது. தத்தித் தத்தி நடந்த நாளிலிருந்து என் பக்கத்தில் இவள் இப்படித்தான் நடந்திருக்கிறாள். என் காலை யார் யார் பார்க்கிறார்கள் என்று ஊர்க் கண்ணை எல்லாம் கணக்கெடுத்துக்கொண்டிருந்த நான் இவள் நடையை ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஆனால் கூடத்தில் பார்த்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை, சம்பந்தியம்மாவிடம் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்: "பொண்ணும் சாய்ஞ்சு சாய்ஞ்சு நடக்கறாளே... அவளுக்குமா?"

எந்த வார்த்தை என் மகள் மேல் விழக் கூடாது என்று கடல் தாண்டி ஷூ செய்துகொண்டு வந்தேனோ, அது நடுக்கூடத்தில் விழுந்துவிட்டது. அதுவும் என்னால். கையை எடுத்துவிட்டுத் தள்ளி நட என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.

அவள் தட்டை விடாமல் நின்றாள். "எனக்கு ஒண்ணும் இல்ல மாமி" என்றாள், மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வது போல. "நான் எங்கம்மா கையைப் பிடிச்சு நடக்கக் கத்துக்கிட்டேன். அவங்க பக்கத்துல நடந்தா எனக்கு இப்படித்தான் வரும்."

சம்பந்தியம்மா என் முகத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல்தான் பார்த்தார். பிறகு எங்களிடம் வந்து இரண்டு கையையும் நீட்டி, "குடுங்கோ, நான் வாங்கிக்கறேன். நீங்க சிரமப்படாம உக்காருங்கோ" என்றார். அவர் குரலில் அன்பைத் தவிர ஒன்றும் இல்லை.

"இருக்கட்டுங்க" என்றேன். "நானே கொண்டுபோய் வைக்கிறேன்."

கூடத்தின் கோடியில் பெருமாள் படமும் குத்துவிளக்கும் இருந்தன. அதுவரைக்கும் வழி விட்டு ஒதுங்கி, எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது. மகளிடம், "கையை எடுக்காத" என்றேன். நாங்கள் இரண்டு பேரும் நொண்டிக்கொண்டே போய்ப் படத்துக்கு முன்னால் தட்டை வைத்தோம்.